நிறையாத டேங்க்

“என் மருமவளா உன் கெணத்தாண்ட வந்தாளா, இல்ல நீயா சொம்புல மொண்டு செவுத்து மேல வச்சி கூப்ட்டியா, அத்த மொதல்ல சொல்லு வடிவு.”

“தாகம்னு கேட்டுச்சி, குடுத்தேன். உன் ஊட்ல அந்தப் பொண்ணுக்கு ருசியா ஒரு வாய் தண்ணி கெடைக்கலன்னா நான் இன்னா பண்றது.”

“ருசி. அந்த ருசியாலதான் கண்ணெல்லாம் மஞ்சளாகி ஆஸ்பத்திரில படுத்துகினு கீறா. புள்ளத்தாச்சிடி அவ.”

“எனக்கு மட்டும் தெரியாதா. கீழாநெல்லிய அரச்சி ஊத்திகினு ஊட்லயே வச்சிகினு இருந்தியே, அத்த சொல்லு.”

எங்கள் சேக்காடு பள்ளத்தெருவுக்குச் சண்டை புதிதல்ல. ஆனால் சரசா வடிவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது புதிது. எத்தனை வருஷப் பகையிலும் சரசாவுக்கு வடிவு ‘அக்கா’தான். பேச்சுவார்த்தை இல்லாத காலத்தில்கூட, “அந்த அக்காவுக்குத் திமிரு ஜாஸ்தி” என்றுதான் திட்டுவாள். அக்கா போய் வடிவு வந்துவிட்டால் விஷயம் பெரிது என்று எங்களுக்குப் புரிந்தது. மாவு வாங்கப் போனவர்கள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, வசதியாக நின்றுகொண்டோம்.

விஷயம் பெரிதுதான். சரசாவின் மருமகள் நிஷா ஏழு மாதம். முந்தின நாள் மயங்கி விழுந்தவளை, மகன் ஜெகதீஷ் ஆட்டோவில் ஏற்றிக் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தான். தண்ணீரால் வருகிற காமாலை, சாதாரண ஆளுக்கு வந்தால் படுத்து எழுந்துவிடலாம், கர்ப்பிணிக்கு வந்தால் இரண்டு உயிரையும் கையில் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி என்று டாக்டரம்மா சொன்னார்களாம். தெருவில் இன்னும் இரண்டு மூன்று வீடுகளிலும் படுத்திருந்தார்கள்.

சரசாவுக்கு மருமகளைப் பற்றிய பயம் ஒன்று. அதன் ஓரத்தில் இன்னொன்றும் இருந்தது. அவள் தெருவுக்கே இட்லி மாவு விற்கிறவள். காமாலை மாவிலிருந்து வந்ததென்று எவராவது வாயைத் திறந்துவிட்டால் கிரைண்டரை எடைக்குப் போட வேண்டியதுதான். யாரும் திறப்பதற்கு முன் அவள் வடிவின் கிணற்றைத் திறந்துவிட்டாள்.

இந்தப் பகையின் வேர் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆவடியில் டேங்க் என்றால் இரண்டு பொருள். ஒன்று பட்டாளத்துக்குப் போவது. வடிவின் புருஷன் ஜெயராமன் அதைச் செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னொன்று எங்கள் வீடுகளின் அடியில் இருப்பது. பாதாளச் சாக்கடை இன்னும் வராத தெரு. குளித்தது, கழுவியது, மற்றது எல்லாம் அவரவர் வீட்டுத் தொட்டியில்தான் போய் விழும். நிறைந்தால் லாரிக்குப் போன் செய்ய வேண்டும். லாரி வந்தால், எந்த வீட்டுக்கு வந்தது என்று தெருமுனை வரை மூக்கே சொல்லிவிடும்.

சரசா வீட்டுக்கு லாரி அடிக்கடி வரும். மூட்டை மூட்டையாக அரிசி களைகிற தண்ணீர், உளுந்து ஊறிய தண்ணீர், கிரைண்டர் கழுவிய தண்ணீர் எல்லாம் அதே குழாயில் போனால் எந்தத் தொட்டிதான் தாங்கும். லாரி ஓட்டுகிற ஆசிக் பாய் அவளைப் பார்த்தால், “இன்னாம்மா, மாசக் காய்ச்சலா” என்று சிரிப்பான். லாரி வந்த நாளில் மாவு விற்காது. வாங்க வருகிறவர்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, நேற்று வாங்கியதே இருக்கிறது என்று திரும்பிவிடுவார்கள். வாசலில் மாவுக் குண்டான், பத்தடி தள்ளி லாரிக் குழாய். யாருக்கும் மனசு வராதுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் வடிவு வீடு. அவள் வீட்டுத் தொட்டி கட்டிய நாள் முதல் நிறைந்ததே இல்லை. லாரி அவள் வாசலில் நின்றதே இல்லை. அது என்ன மாயமோ, வடிவு அதைத் தன் குணத்துக்குக் கிடைத்த பரிசு மாதிரி சொல்லிக்கொள்வாள். “எத்திராஜ் கொத்தனார் கைராசி, எங்க ஊட்டு ராசி” என்பாள். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் எத்திராஜைத் தேடிப் போனதே அந்த ராசிக்காகத்தான். கூடவே அவள் வீட்டில் ஒரு நல்ல தண்ணிக் கிணறு. சுற்றிலும் போர் போட்டால் உப்பு வரும். அவள் கிணற்றில் மட்டும் பருப்பு வேகும். மோட்டார் போட்டால் ருசி போய்விடும் என்று கயிறு கட்டித்தான் இறைக்க விடுவாள். யார் எப்போது வரலாம், யாருக்கு ஒரு குடம், யாருக்கு இரண்டு என்பதெல்லாம் அவள் முகம் பார்த்துத்தான். நிறையாத தொட்டி, வற்றாத கிணறு. ஒருத்திக்கு இரண்டும் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரிக்கு வயிறு எரியாதா.

எரிந்தது வெளியே வந்த நாள் வடிவின் மகன் கிரணுக்கு நிச்சயம் நடந்த நாள். பெங்களூரிலிருந்து பெண் வீட்டார் வந்து பந்தலில் உட்கார்ந்திருக்கிறார்கள். கேசரி பரிமாறுகிற நேரம். ஆசிக் பாயின் லாரி ஆடி ஆடி வந்து சரசா வாசலில் நின்று குழாயை இறக்கியது. சரசா வேண்டுமென்று அன்றைக்கு வரச் சொல்லவில்லை. முதல் நாளே குளியலறையில் தண்ணீர் எதிர்த்துவிட்டது; அவள் அவசரம் அவளுக்கு. பெண்ணைப் பெற்ற அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள். வடிவு, பந்தலுக்கு வெளியே நிற்கிற எங்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“தப்பா நெனச்சிக்காதீங்க. இது பக்கத்து ஊடு. எங்க ஊட்டுக்கு இந்த லாரி ஒரு தபா கூட வந்ததில்ல.”

அன்றோடு சரசா அந்தக் கிணற்றுக்குப் போவதை விட்டாள். கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தாள். குடிக்க கேன், சமைக்க கேன், மாவுக்குக்கூட கேன். பிறகு ஜெகதீஷ் அம்பத்தூரில் தன்னோடு வேலை பார்த்த நிஷாவைக் கட்டிக்கொண்டு வந்தான். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெண். மெலிந்த குரல், கோபத்தில்கூட ‘வாங்க போங்க’தான். சரசா அவளுக்குச் சொன்ன முதல் குடும்ப விதி, “பக்கத்து ஊட்டு தண்ணிய தொடாத” என்பது.

அதே சமயம் வடிவின் பக்கத்திலும் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. கிரணும் மருமகள் கலைவாணியும் பெங்களூரில். பொங்கலுக்கு வந்தால் காப்பி ஆறுவதற்குள் கிளம்புவார்கள். இங்கே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு மருமகள் துணி உலர்த்துகிறாள், வாந்தி எடுக்கிறாள், ஜெகதீஷ் வருகிற சத்தம் கேட்டுக் கதவு திறக்கிறாள். வடிவு அதையெல்லாம் கிணற்றடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். மசக்கையில் நிஷாவுக்கு கேன் தண்ணீர் குமட்டியது. பிளாஸ்டிக் வாசம் என்றாள். ஒரு நாள் சுவர் மேல் ஒரு சொம்பு வந்து உட்கார்ந்தது. “குடி கண்ணு” என்றாள் வடிவு. தன் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் மாதிரியே இருக்கிறது என்று நிஷா சொன்னாளாம். வடிவுக்கு அது போதும். அப்புறம் சொம்போடு நெத்திலிக் குழம்பும் சுவர் ஏறியது. மாமியார் மாவு அரைக்கிற நேரமாகப் பார்த்து ஏறியது. கிரைண்டர் சத்தத்தில் சரசாவுக்கு ஒன்றும் கேட்காது. எங்களுக்குக் கேட்டது. நாங்கள் ஏன் சொல்லப் போகிறோம்.

இதற்கிடையில், ஆடி மாதத்தில், சரசா வீட்டுப் பின்கட்டில் எத்திராஜ் கொத்தனார் பள்ளம் தோண்டினார். சிமெண்ட் உறைகள் வண்டியில் வந்து இறங்கின. சுவரையொட்டி ஒன்றன் கீழ் ஒன்றாக இறக்கி மேலே பலகைக் கல் போட்டு மூடினார்கள். கேட்டவர்களிடம் சரசா, “மழத்தண்ணி சேமிக்கறேன். கவுர்மெண்டே சொல்லுது இல்ல” என்றாள். மாடிக் குடியிருப்பில் இருக்கிற படித்தவர்கள் அவளைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் போட்டோகூட எடுத்தார்.

அதற்குப் பிறகு லாரி வரவில்லை. ஆவணி வந்தது, புரட்டாசி வந்தது, லாரி வரவில்லை. ஆசிக் பாய் தெருவில் போகிறபோது நிறுத்தி, “இன்னாம்மா, மறந்துட்டியா” என்று கேட்டான். மாவை அள்ளி ஊற்றிக்கொண்டே சரசா சத்தமாகச் சொன்னாள், “எங்க ஊட்டுக்கும் ராசி வந்துட்ச்சி பாய்.” சுவருக்கு அந்தப் பக்கம் வாளி கிணற்றில் தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது. அன்றைக்கு வடிவு யாருக்கும் இரண்டாவது குடம் கொடுக்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தெரு என்று சும்மாவா பெயர் வைத்தார்கள். முட்டி அளவு தண்ணீர் தெருவில் நின்று வடிந்தது. வடிவின் கிணற்றில் தண்ணீர் கை எட்டும் உயரத்துக்கு ஏறிவிட்டது. அந்தச் சமயம் ஜெகதீஷுக்குக் காய்ச்சல், சாப்பாட்டைக் கண்டால் வெறுப்பு, கண்ணில் மஞ்சள். வேலை இடத்தில் கண்டதைத் தின்றிருப்பான் என்று சரசா கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தாள். எழுந்து வேலைக்குப் போய்விட்டான். அந்தக் கைப்பக்குவத்தின் தைரியம்தான், கார்த்திகையில் நிஷாவுக்குக் கண் மஞ்சளானபோதும் சரசாவை அம்மிக்கல் பக்கம் அனுப்பியது.

இனிச் சண்டைக்கு வருகிறேன். சரசா மண்ணை வாரித் தூற்றப் போகிற நேரத்தில் சுகாதார ஆய்வாளர் ஸ்ரீகாந்த் பைக்கில் வந்து இறங்கினார். இளைஞர். கல்யாணம் ஆகவில்லை என்பதை முதல் வருகையிலேயே விசாரித்து வைத்திருந்தோம். கூட வந்த பெண்கள் கையில் பிளீச்சிங் பவுடர் வாளி. ஒரே தெருவில் இத்தனை காமாலையா என்று தண்ணீர் பிடித்துப் போக வந்திருந்தார்.

சரசா அவர் கையைப் பிடிக்காத குறையாக வடிவின் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள். அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். குப்பியில் தண்ணீர் எடுத்தார். படுத்திருப்பவர்கள் எல்லாரும் இந்தத் தண்ணீர் குடித்தவர்களா என்று கேட்டார். ஆமாம் என்றோம். மாவு வாங்கியவர்கள் எல்லாருமே படுத்திருக்கிறார்களா என்றார். இல்லை என்றோம். சரசாவின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. பிறகு அவர், இவர்களுக்கெல்லாம் முன்னால் யாருக்காவது காமாலை வந்ததா என்று கேட்டார்.

எல்லாரும் சரசாவைப் பார்த்தோம்.

“எம் புள்ளைக்கு வந்துச்சி” என்றாள் அவள். “அது வெளிய துன்னதுல வந்தது சார்.”

அவர் சுவரைப் பார்த்தார். சுவரைச் சுற்றிக்கொண்டு சரசா வீட்டுப் பின்கட்டுக்குப் போனார். நாங்களும் போனோம். பலகைக் கல்லைக் காலால் தட்டி, இது என்ன என்றார்.

“மழத்தண்ணி சேமிக்கறது சார்.”

“மாடித் தண்ணி எறங்குற பைப் அந்தப் பக்கம் ரோட்டுக்குப் போகுதே. இதுக்கு எங்கேயிருந்து வருது?”

இரண்டு பேர் கடப்பாரை போட்டுக் கல்லை நெம்பினார்கள். அப்புறம் யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூக்குக்கே எல்லாம் தெரிந்துவிட்டது. சரசா வீட்டுத் தொட்டியில் நிரம்புவதெல்லாம் குழாய் வழியாக அந்த அடியில்லாத உறைக்குள் இறங்கி, மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. உறைக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு சுவர் மட்டும். அந்தச் சுவர் மண்ணுக்கு மேலேதான்.

எங்கள் மரமண்டைக்கும் அது உறைத்தது. சரசா வீட்டுக் காமாலை சுவருக்கு அடியில் போய், வடிவின் சொம்பில் ஏறி, சுவர் மேலாக அதே வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

சரசா பின்கட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாரும் வடிவைப் பார்த்தோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நல்ல வேடிக்கை வரப்போகிறது என்றுதான் பார்த்தோம். இத்தனை வருஷமாகக் காத்திருந்தவளுக்கு வாய்ப்பு வாசலில் வந்து நிற்கிறது. வடிவு முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“எங்க ஊட்டு டேங்கையும் தொறந்து பாருங்க சார்” என்றாள்.

“ஏய், இன்னாத்துக்கு” என்று ஜெயராமன் பின்னாலிருந்து அதட்டினார்.

“நீ சும்மா இரு. தொறங்க சார்.”

குற்றத்தில்கூட சரசா தன்னை முந்திவிடக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, எங்களுக்கு அப்படித்தான் பட்டது. தெருப்பக்கம் இருந்த அவள் வீட்டுத் தொட்டியைத் திறந்தார்கள். ஸ்ரீகாந்த் நீளமான கழியை விட்டுப் பார்த்தார். கழி மண்ணில் போய்ச் செருகிக்கொண்டது. தளமே இல்லை. நாலு பக்கமும் சுவர் இருக்கிறது, கீழே பூமாதேவி இருக்கிறாள். தெருவே பார்த்துப் பொறாமைப்பட்ட ராசி அதுதான். கிணற்றுக்குத் தூரம் இருந்ததால் இத்தனை நாள் தப்பித்திருக்கலாம், தப்பிக்காமலும் இருந்திருக்கலாம், இரண்டுமே தப்புதான் என்று ஸ்ரீகாந்த் சொன்னார். கிணற்றின் மேல் சிவப்புப் பெயிண்டில் குடிக்கக் கூடாது என்று எழுதிவிட்டுப் போனார்கள். எத்திராஜ் கொத்தனார் அந்த வாரம் முழுக்கத் தெருப்பக்கம் வரவில்லை.

மறுநாள் வடிவு கீழ்ப்பாக்கம் கிளம்பினாள். ஜெயராமன் போகக் கூடாது என்றார். அதனால் வழித்துணைக்கு நான் போக வேண்டியதாயிற்று. ரயிலில் மடியில் ஒரு பிளாஸ்க்கைக் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு வந்தாள்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் சரசா இருந்தாள். இரண்டு நாளில் பாதியாகிவிட்டாள். உள்ளே நிஷாவுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. குழந்தையை முன்கூட்டியே எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். வடிவு பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்து பிளாஸ்க்கை நடுவில் வைத்தாள்.

“கேன் தண்ணிதான். நல்லா கொதிக்க வச்சி எட்தாந்தேன்.”

சரசா பிளாஸ்க்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி விளம்பரத்தைப் படிக்கிற மாதிரி நின்றேன். பெஞ்சுக்குக் காது எட்டுகிற இடம்தான்.

“எப்பலேர்ந்து தெரியும்க்கா” என்றாள் சரசா.

“எது?”

“உன் டேங்குக்கு அடி இல்லன்னு.”

“கட்ன அன்னிலேர்ந்து. பள்ளம் தோண்டி வச்சோம், மழ வந்து நெறஞ்சிட்ச்சி. தண்ணி வத்தட்டும், அப்பால தளம் போட்டுக்கலாம்னாரு எத்திராஜு. அதுக்குள்ள மேல மூடிட்டாங்க. அடி இல்லாத டேங்கு எப்பிடி சரசு நெறயும்?”

“அப்பறம் இன்னாத்துக்குக்கா அப்பிடி பீத்திகின? நான் எத்தினி நாளு தூங்காம கெடந்தேன் தெரியுமா. அந்த ஊட்டு டேங்கு மட்டும் ஏன் நெறயல, ஏன் நெறயலன்னு. எத்திராஜ கூப்ட்டு, அவங்க ஊட்ட மாதிரி எனுக்கும் பண்ணுன்னேன். சிரிச்சிகினே உறைய எறக்கிட்டுப் போனான்.”

வடிவு பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். திறக்கவில்லை.

“பீத்திக்க எனுக்கு வேற இன்னா இருந்துச்சி? உனுக்குப் புள்ள கூட கீறான். மருமவ கீறா. காலைல எய்ந்தா உன் ஊட்ல சத்தம் கேக்குது. என் ஊட்ல வாளி சத்தம்தான் கேக்குது. அந்தப் பொண்ணு அத்தைன்னு உன்ன கூப்புடும்போதெல்லாம், என்னிய ஒரு தபா கூப்புடாதான்னு இருக்கும். அதுக்குதான் சொம்பு.”

“கூப்ட்டாளா?”

“பெரியத்தைன்னு கூப்ட்டா.”

சரசா தலையைக் குனிந்துகொண்டாள். “எங்கிட்ட சொல்லவே இல்ல பாரு” என்றாள். அழுகைக்கு நடுவிலும் அதில் பழைய எரிச்சல் ஒரு பொறி இருந்தது. எனக்கு அதைக் கேட்டு மனசு லேசானது. ஆள் இன்னும் சரசாவாகத்தான் இருக்கிறாள்.

குழந்தை அன்று மாலையே எடுக்கப்பட்டது. பெண். கையில் அடங்குகிற அளவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். நிஷாவின் உயிர் மறுகரையைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பியது. அவள் அம்மா திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்து பக்கத்திலேயே இருந்தார். நிஷா எழுந்து உட்கார்ந்த அன்று சரசா எல்லாவற்றையும் தானே சொன்னாள். உறை, மழைத்தண்ணீர்ப் பொய், எல்லாம். ஜெகதீஷ் எழுந்து வெளியே போய்விட்டான். நிஷா மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்குக் கோவம் இல்லத்தை” என்றாள் கடைசியில். “உங்களுக்குத் தெரியாதுல்ல, நான் அங்க குடிச்சேன்னு. நானும் மறைச்சேன். ஆனா பாப்பாவ நான் அந்த வீட்டுக்குக் கொண்டுவர மாட்டேன்.”

சரசா தலையாட்டினாள். அவளால் வேறு என்ன செய்திருக்க முடியும்.

இது நடந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஸ்ரீகாந்த் பூந்தமல்லிக்கு மாற்றலாகிப் போனார். அங்கே ஒரு நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். எங்கள் தெருவில் பெண் வைத்திருந்த இரண்டு வீட்டாருக்கு அதில் வருத்தம். எத்திராஜ் கொத்தனார் மகள் வீட்டோடு திருவள்ளூர் போய்ச் சேர்ந்தார். அங்கேயும் அவர் கைராசிக்கு ஆள் வருகிறார்களாம். கிரணும் கலைவாணியும் பெங்களூரிலிருந்து இன்னும் தூரமாகப் போய்விட்டார்கள். போனில் அவர்களுக்கு விடிகிறபோது வடிவுக்கு இருட்டுகிறது.

வடிவு வீட்டுத் தொட்டிக்கும் சரசா வீட்டுத் தொட்டிக்கும் தளம் போட்டாயிற்று. உறையை மூடி மண்ணடித்தாயிற்று. இரண்டும் ஒழுங்காக நிறைகின்றன. ஆசிக் பாய் ஒரே நடையில் இரண்டையும் முடித்துவிட்டுப் போகிறான். அன்றைக்கு இரண்டு பேரும் வாசலில் நின்று, யாருடையது அதிகம் நிறைந்தது என்று அவனிடம் கேட்கிறார்கள். அவன் யாருக்கும் சொல்வதில்லை.

ஜெகதீஷும் நிஷாவும் அம்பத்தூரில் ஒரு அடுக்குமாடியில் குடியேறிவிட்டார்கள். பாதாளச் சாக்கடை உள்ள தெரு. டேங்கே கிடையாதாம். நிஷாவின் அம்மாவும் ஊரை விட்டு வந்து அங்கேயே தங்கிவிட்டார். குழந்தையை அவர்தான் வளர்க்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிறு சரசாவும் வடிவும் ஒன்றாகப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். திரும்பி வந்ததும் சரசா வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசுவார்கள். போன வாரம் மாவு வாங்கப் போனபோது கேட்டது.

“பாத்தியாக்கா, நம்பள பாத்துட்டு கொயந்த அந்தம்மா மடில போய் ஒளிஞ்சிகிச்சி.”

“மடியா. முந்தானைய புட்சிகினு உடவே இல்லயே. அந்தம்மாவுக்கு எம்மாம் பெருமை மூஞ்சில.”

“பெருமை இருக்காதா. ஊடு அங்க, பொண்ணு அங்க, பேத்தி அங்க. டேங்கு கூட இல்ல.”

வடிவு பெருமூச்சு விட்டாள். சரசாவும் விட்டாள். எனக்கு ஊற்ற வேண்டிய மாவு கரண்டியிலேயே நின்றது.